மார்கழியில் பிள்ளையை வெளிய விடலாமா?

த்ரெட் கொஞ்சம் நீளம். ஒரு வயசுல இருந்து மூணு வயசு வரைக்கும் பிள்ளை வெச்சிருக்கிறவங்க, அதுவும் வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காகிட்டயோ தெருமுனை ஆயாகிட்டயோ பிள்ளையை விட்டுட்டுப் போறவங்க, பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

கார்த்திகை பிறந்தா போதும், ஓபியில தினமும் இதைக் கேட்கிறேன். "வெளியவே விடறதில்ல டாக்டர். ஸ்வெட்டர், குல்லா எல்லாம் போட்டு ரூமுக்குள்ளயேதான் வெச்சிருக்காங்க. அப்பவும் மாசத்துக்கு ரெண்டு தடவை சளி."

அந்த "அப்பவும்"-ங்கிற வார்த்தையை எடுத்துட்டு "அதனாலயும்"னு போட்டுப் பாருங்க. நான் சொல்ல வந்தது அதுதான்.

சளி வைரஸால வருது. பனியில வைரஸ் இல்ல, இன்னொரு பிள்ளையோட மூக்குல இருக்கு. ஒரு பிள்ளை இருமும், தும்மும், மூக்கைத் துடைச்ச கையால பொம்மையைத் தொடும், அதே பொம்மையை அடுத்த பிள்ளை வாயில வைக்கும். பத்துக்குப் பத்து ரூம், அஞ்சு பிள்ளைங்க, ஜன்னல் சாத்தியிருக்கு, கதவும் சாத்தியிருக்கு, காலை எட்டரைல இருந்து சாயங்காலம் ஆறரை வரைக்கும் அதே காத்துதான் சுத்திச் சுத்தி வருது. அந்த ரூம்ல ஒரு பிள்ளைக்கு வந்தா ஒரு வாரத்துல எல்லாருக்கும் வராம இருந்தாத்தான் ஆச்சரியம். அதே அஞ்சு பிள்ளைங்க வாசல்ல, வேப்ப மரத்தடியில விளையாடினா இருமல் காத்தோட கலைஞ்சு போயிடும். முழுசா தடுக்க முடியாது, ஆனா வாய்ப்பு நல்லாவே குறையும். கொரோனா நேரத்துல இதை ஊருக்கே சொன்னோமே, ஜன்னலைத் திறங்க, திறந்தவெளியில நில்லுங்கன்னு? குழந்தைக்கும் அதே கதைதான்.

இன்னொண்ணையும் தெரிஞ்சுக்கோங்க. நல்ல ஆரோக்கியமான குட்டிக் குழந்தைக்கே வருஷத்துக்கு ஆறு முதல் எட்டு தடவை சளி பிடிக்கும். நாலு பிள்ளைகளோட சேர்ந்து இருக்கிற குழந்தைக்கு இன்னும் கூடும். இருமல் ரெண்டு வாரம்கூட இழுக்கும். இதுக்கெல்லாம் யாரோ தப்பு பண்ணிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. இந்த வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழே தேவைப்படும்.

பாட்டிங்க சொல்றது சுத்த மூடநம்பிக்கையான்னா, அதுவும் கிடையாது. பாதி சரி. பனிக்காலத்துல விடியக்காலை காத்து தரையோட அமுங்கி நிக்கும். குப்பை எரிச்ச புகை, விறகுப் புகை, வண்டிப் புகை எல்லாம் மேலே போகாம கீழேயே தங்கிடும். ஏழு மணிக்குத் தெருவுல தெரியற மூட்டத்துல பனி கொஞ்சம், புகை மிச்சம். வீசிங் இருக்கிற பிள்ளைக்கு அந்தக் காத்து ஆகவே ஆகாது. போகி அன்னிக்குக் காலையில எந்தக் குழந்தையையும் வெளிய கொண்டு வராதீங்க, அதுல எனக்கும் பாட்டிக்கும் ஒரே கட்சி. பிறந்து சில வாரமே ஆன குழந்தையைக் கதகதப்பா வெச்சிருக்கணும்ங்கிறதும் முழுக்க சரி.

ஆனா காலை ஏழு மணிக்குச் சொன்னதைப் பகல் பதினொரு மணிக்கும், ஒரு மாசக் குழந்தைக்குச் சொன்னதை ரெண்டு வயசுப் பிள்ளைக்கும் நீட்டிக்கறோம். தப்பு அங்கதான்.

ஜனவரியில சென்னையில பகல் வெப்பம் சராசரியா 29 டிகிரி. கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் ராத்திரி 18, 19க்கு இறங்கினாலும் பகல்ல 30ஐத் தொடும். நார்வேயிலயும் ஃபின்லாந்துலயும் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் குழந்தைங்களைக் கனமா உடுத்தி தினமும் வெளிய விளையாட விடறாங்க, கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில படுக்க வெச்சு வாசல்லயே தூங்க வைக்கறாங்க. ஒஸ்லோவுல வளர்ற நம்ம ஈழத்துப் பிள்ளைகளும் அந்த பாலர் பள்ளிகளுக்குத்தான் போறாங்க. அவங்க கோடையே நம்ம மார்கழியைவிடக் குளிர்ச்சி. 29 டிகிரியில மங்கி குல்லாவும் ரெட்டை ஸ்வெட்டரும் போட்ட குழந்தை வேர்த்து நனைஞ்சு கிடக்குது. கழட்டிப் பார்த்தா முதுகு முழுக்க வேர்க்குரு.

இன்னொரு கணக்கும் இருக்கு. நம்ம ஊர்ல ரெண்டு வயசுக் குழந்தை பகல் பத்தரை மணிக்கு வெளிய நிக்க முடியற மாசங்கள் எத்தனை? மார்ச் பாதிக்கு மேல வெயில் அடிக்கும், ஜூன் வரைக்கும் நாங்களே வெளிய விடாதீங்கன்னுதான் சொல்லுவோம். அப்புறம் மழை வந்துடும். மிஞ்சறது டிசம்பர் பாதியில இருந்து பிப்ரவரி வரைக்கும். வருஷத்துலயே வெளிய விளையாட ஏத்த அந்த ரெண்டரை மாசத்தையும் குளிர்னு சொல்லிப் பூட்டிட்டா, அந்தக் குழந்தை ஓடறது எப்போ?

உள்ள வெச்சா என்ன நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். போன். ஒரு அம்மா அஞ்சு பிள்ளைகளை ஒரே ரூம்ல சமாளிக்க வேற வழி கிடையாது, அவங்களைத் திட்ட எனக்கு மனசு வரல. உலக சுகாதார நிறுவனம் 2019ல அஞ்சு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டுச்சு. ஒரு வயசைத் தாண்டின குழந்தை ஒரு நாளைக்குக் குறைஞ்சது 180 நிமிஷம் ஓடியாடி இருக்கணும். ஒரே மூச்சுல ஒரு மணி நேரத்துக்கு மேல சேர்லயோ தள்ளுவண்டியிலயோ கட்டிப் போட்ட மாதிரி உட்கார வைக்கக் கூடாது. ஒரு வயசுக் குழந்தைக்கு போன் கூடவே கூடாது, ரெண்டு வயசுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம். பத்துக்குப் பத்து ரூம்ல 180 நிமிஷம் ஓட முடியுமா? பெரியவங்க நாமளே ஓட மாட்டோம்.

விட்டமின் டி பத்தியும் ஒண்ணு. "காலைல ஆறரை மணி இளவெயில்ல காட்டறோம் டாக்டர்"னு சொல்றாங்க. அந்த நேரத்து வெயில்ல விட்டமின் டி உருவாக்கற கதிர் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. ஜன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயில்லயும் கிடையாது, கண்ணாடி அதைத் தடுத்துடும். பத்து மணிக்கு மேல மூணு மணிக்குள்ள வர்ற வெயில்தான் வேணும். அந்த வெயிலைக் குழந்தை தாங்கற காலமும் இதுதான்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். இதையெல்லாம் பிள்ளை பார்த்துக்கற அக்காகிட்ட சொன்னா, "எனக்கும் ஆசைதான் டாக்டர், ஆனா பிள்ளைக்கு மூக்கு ஒழுகினா என்னைத்தான் கேட்பாங்க"ன்னு சொல்லுவாங்க. நியாயம்தானே? வெளிய விட்டு அடுத்த நாள் சளி வந்தா, "நீங்க வெளிய விட்டதாலதான்". உள்ள வெச்சிருந்து சளி வந்தா, "சீசன் சரியில்ல". ரெண்டாவதுல அவங்க மேல பழி இல்ல. பழி விழுந்தா அந்த அம்மா பிள்ளையை வேற வீட்டுக்கு மாத்திடுவாங்க, மாசக் காசு போயிடும். அதனால கதவைச் சாத்தறாங்க. குளிருக்குப் பயந்து சாத்தற கதவு இல்ல அது, நம்ம வாய்க்குப் பயந்து சாத்தற கதவு.

பிள்ளையை விடற அம்மா மேலயும் கோபப்பட முடியாது. குழந்தைக்குக் காய்ச்சல்னா அவங்களுக்கு ஒரு நாள் கூலி போச்சு. ரெண்டு நாள் லீவு போட்டா சூப்பர்வைசர் முகம் மாறும். அம்பது பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல குழந்தைகள் காப்பகம் இருக்கணும்னு 2017 மகப்பேறு சட்டத் திருத்தம் சொல்லுச்சு. முப்பது பேர் தைக்கிற யூனிட்டுக்கும், ஜவுளிக் கடைக்கும், வீட்டு வேலைக்குப் போறவங்களுக்கும் அது எட்டாது. அப்போ அந்த அக்கா வீடுதான் கதி. நம்ம ஊர்ல எத்தனை பெண்கள் வேலைக்குப் போக முடியறதே இப்படிப்பட்ட வீடுகளாலதான். அதுக்குத் தமிழ்ல ஒரு ஒழுங்கான பேர்கூட நாம வெக்கல.

ரெண்டு பக்கமும் பயம், நடுவுல பூட்டின ரூம்ல குழந்தை. பயத்தைத் தணிக்க அந்த ரூமுக்குள்ள இன்னும் என்னென்னமோ நடக்குது. சாம்பிராணி, கொசுவத்திப் புகை, ரெண்டும் மூச்சுக்குழாய்க்கு எதிரி. எண்ணெய்ல கற்பூரம் காய்ச்சி நெஞ்சுல தடவறது, அந்தக் கற்பூரம் வாய்க்குள்ள போச்சுன்னா வலிப்பு வரும். காதுல பஞ்சு, அது உள்ள போய் மாட்டிக்கிட்டு எங்ககிட்ட வருது. அப்புறம் மெடிக்கல்ல கேட்டு வாங்கற இருமல் சிரப். 2025ல மத்தியப் பிரதேசத்துல சிரப் குடிச்ச குழந்தைங்க இறந்ததை மறந்துடாதீங்க, அந்த மருந்து தயாரானது நம்ம மாநிலத்துல. நாலு வயசுக்குள்ள குழந்தைக்கு டாக்டர் எழுதித் தராம எந்தச் சளி சிரப்பும் வேணாம்.

சரி, எப்படி வெளிய விடறது?

காலை ஒன்பதரை பத்துக்கு மேல ஒரு தடவை, சாயங்காலம் மூணரையில இருந்து அஞ்சுக்குள்ள ஒரு தடவை. பெரிய மைதானம் தேவையில்ல. வாசல், மாடி வேணாம், கோயில் திடல், காலி மனை எதுவா இருந்தாலும் சரி. ஒரு கிண்ணம், ரெண்டு கரண்டி, கொஞ்சம் மண்ணு குடுத்தா ரெண்டு வயசுக்காரருக்கு ஒரு மணி நேரம் ஓடிடும். முழுக்கைச் சட்டை, பேன்ட், செருப்பு போதும். முழுக்கை குளிருக்காக இல்ல, கொசுவுக்காக. மழை முடிஞ்ச இந்த நேரத்துல டெங்கு கொசு பகல்லதான் கடிக்கும், வாசல்ல தேங்கின தண்ணியைக் கொட்டிடுங்க. வேர்த்த சட்டையை மாத்தணும். உள்ள வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவணும். மண்ணைத் தின்னுடும்னு பயமா? எப்படியும் ஒரு வாய் போகும். ஒரு வயசுக்கு மேல பிப்ரவரி, ஆகஸ்ட் மாசங்கள்ல அங்கன்வாடியில குடற்புழு மாத்திரை இலவசமா குடுக்கறாங்க, தவறாம வாங்கிக் குடுங்க.

எனக்கு நிஜமா பயம் எதுல தெரியுமா? தண்ணி பிடிச்சு வெச்ச பக்கெட், மூடாத சம்ப், ரிவர்ஸ் எடுக்கற வண்டி, தெருநாய். பனியால ஒரு குழந்தையும் சாகாது, அரை பக்கெட் தண்ணியில சாகும். வெளிய விளையாடற நேரம் முழுக்க ஒரு பெரியவங்க கண்ணு அவங்க மேலயே இருக்கணும். ஒத்தை ஆளா அஞ்சு பிள்ளையைப் பார்க்க முடியலைன்னா ரெண்டு ரெண்டு பேரா வாசல்ல விடுங்க, மத்தவங்க நிலைப்படிக்கு உள்பக்கம் கதவைத் திறந்து வெச்சு விளையாடட்டும். அதுவும் முடியாத நாள்ல ஜன்னலையாவது திறந்து வைங்க.

ஊட்டி, கொடைக்கானல்ல இருக்கிறவங்களுக்குக் கணக்கு வேற. உறைபனி விழற காலையில வெயில் நல்லா ஏறின பிறகு, ரெண்டு மூணு அடுக்கா உடுத்தி விடுங்க. காதும் பாதமும் மூடியிருக்கட்டும், நனைஞ்ச சாக்ஸை உடனே மாத்துங்க.

லேசா மூக்கு ஒழுகுது, ஆனா பிள்ளை சிரிக்குது, சாப்பிடுது, ஓடுதுன்னா வெளிய விளையாடலாம். காய்ச்சல் இருந்தா வீட்ல ரெஸ்ட். மூச்சு வேகமா இருந்தா அமைதியா இருக்கும்போது முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க. ஒரு வயசுக்கு மேல 40 அல்லது அதுக்கு அதிகம்னா, நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே உள்வாங்கினா, தண்ணிகூடக் குடிக்காம துவண்டு கிடந்தா, யாரையும் கேட்காம ஆஸ்பத்திரிக்கு வாங்க, வண்டி இல்லைன்னா 108. இந்தப் பாராவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அக்காவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க.

வீசிங் இருக்கிற பிள்ளைன்னா இன்ஹேலரும் ஸ்பேசரும் அக்கா வீட்லயே ஒரு செட் இருக்கணும். எப்படிப் போடறதுன்னு அவங்களையும் கூட்டிட்டு ஒரு தடவை ஓபிக்கு வாங்க, நாங்க காட்டித் தர்றோம், அதுக்குக் காசு கிடையாது.

நாளைக்குக் காலையில பிள்ளையை விடும்போது பையில ரெண்டு மாத்துச் சட்டை, ஒரு ஜோடி செருப்பு, தண்ணி பாட்டில் வைங்க. அக்காகிட்ட, "பத்து மணிக்கு மேல வெளிய விளையாட விடுங்கக்கா, சளி பிடிச்சா உங்களை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்"னு சொல்லுங்க. உங்க வீட்டுக்காரர் முன்னாடி, மாமியார் முன்னாடி சொல்லுங்க, அப்பத்தான் அக்கா நம்புவாங்க.