ஒரு மெட்டு, மூன்று பாட்டு

ரஷ்யாவின் இன்றைய தேசிய கீதத்துக்குச் சோவியத் காலத்து மெட்டுதான், வரிகள்தான் மாறின. ஒரே கவிஞர் ஸ்டாலின் காலத்தில் ஒருமுறை, பிரெஷ்னேவ் காலத்தில் ஒருமுறை, புதின் காலத்தில் ஒருமுறை எழுதினார். அவர் குழந்தைகளுக்குப் பாட்டெழுதிப் புகழ்பெற்ற செர்கேய் மிகால்கோவ்.

1944 வரை சோவியத் கீதம் 'இன்டர்நேஷனல்'தான். அது உலகத் தொழிலாளர்களுக்கான பாட்டு. ஹிட்லரோடு போர் நடந்த நேரத்தில் ஸ்டாலினுக்குத் தாய்நாட்டைப் பாடும் பாட்டு தேவைப்பட்டது. உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான கொமின்டர்னையும் 1943-இல் கலைத்திருந்தார்கள். இசையமைப்பாளர் அலெக்சாந்த்ரோவ் கம்யூனிஸ்ட் கட்சிக்காக முன்பே அமைத்திருந்த மெட்டுக்கு மிகால்கோவும் இன்னொரு கவிஞரான எல்-ரெகிஸ்தானும் வரி எழுத, ஸ்டாலினே உட்கார்ந்து திருத்தினார். 1944 புத்தாண்டன்று அது வானொலியில் ஒலித்தது. பாட்டுக்குள் ஸ்டாலின் பெயரும் இருந்தது.

வம்பு அங்கேதான். 1956-இல், ஸ்டாலினுக்குப் பின் தலைமைக்கு வந்த குருஷ்சேவ் ஸ்டாலினின் குற்றங்களை எடுத்துச் சொன்ன பிறகு அந்தப் பெயரை யார் பாடுவது? இருபது ஆண்டுகளுக்கு மேல் கீதம் வெறும் இசையாகவே வாசிக்கப்பட்டது. வல்லரசு ஒன்று எழுந்து நிற்கிறது, வாய் மட்டும் திறக்கவில்லை. 1977-இல் மிகால்கோவ் ஸ்டாலினை நீக்கித் திருத்திக் கொடுத்தார். லெனினும் கட்சியும் தங்கினார்கள்.

1990-இல் ரஷ்யா பழைய இசையமைப்பாளர் கிளிங்காவின் இசைக்கு மாறியது. அதற்கு வரிகள் இல்லை. பாட ஒன்றுமில்லாமல் நிற்கிறோம் என்று விளையாட்டு வீரர்கள் குறைபட்டார்கள். 2000 டிசம்பரில் புதின் பழைய மெட்டைச் சட்டமாக்கினார். 87 வயது மிகால்கோவ் மூன்றாம் முறை எழுதினார்: லெனின் போனார், கடவுள் வந்தார். அதே மாதத்தில் ஜார் காலத்து இரட்டைத் தலைக் கழுகும் மூவண்ணக் கொடியும் சட்டமாயின. பழைய மெட்டு திரும்புவதை முன்னாள் அதிபர் யெல்த்சின் வெளிப்படையாக எதிர்த்தார். செல்லோ மேதை ரொஸ்த்ரோபோவிச்சும் எதிர்த்தார்.

நான் எதிர்த்தவர்கள் பக்கம். போர்முனையில் மகனை இழந்த தாய்க்கு அந்த மெட்டில் உரிமை உண்டு, அதை மறுக்க மாட்டேன். ஆனால் தகப்பனை ஸ்டாலினின் சிறை முகாமில் பறிகொடுத்த குடும்பமும் அதே மெட்டைக் கேட்டுத்தான் எழுந்து நின்றது. அவர்களின் நெஞ்சு ஆறுவதற்குள், பத்தே ஆண்டுகளில், அதைத் திரும்பக் கொண்டுவந்தது தவறு. வரியை மாற்றியதால் அந்தத் தவறு சரியாகிவிடாது.

மிகால்கோவ் 2009-இல் 96 வயதில் இறந்தார். அவர் மூன்றாவதாக எழுதியதைத்தான் ரஷ்யர்கள் இன்றும் பாடுகிறார்கள்.