பாதி அரசு, பாதி கம்பெனி: பிஎச்.டி உதவித்தொகைக்கு இப்படியும் ஒரு வழி!

சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரம். ஊர்க்காரர்கள் சுருக்கமாக 'ஜலகை' என்போம். இங்கே எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் முதலில் காதில் விழுவது தறிச்சத்தம்தான். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு தறிக்கூடம். நாலு விசைத்தறிகள். கூலிக்கு நெய்கிற குடும்பம். அந்த வீட்டுப் பெண் எம்.டெக் டெக்ஸ்டைல் முடித்திருக்கிறாள். திருப்பூரில் ஒரு கம்பெனியில் வேலையும் தயாராக இருந்தது.

போன முறை ஊருக்குப் போனபோது என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, கம்பெனியே பாதிக் காசு குடுத்து பிஎச்.டி படிக்க வைக்குமாமே, நெசமா?"

பக்கத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்த அவள் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "இன்னும் நாலு வருசம் படிச்சா ஆரு கண்ணு சம்பாதிக்கறது? நீயாச்சும் சொல்லு."

இரண்டுமே நியாயமான கேள்விகள். இந்த வாரப் பகுதி அவற்றுக்கான பதில்தான்.

அது என்ன உதவித்தொகை?

முதுகலை முடித்து ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு நமக்குத் தெரிந்த வழி, தேர்வு எழுதி உதவித்தொகை வாங்குவது. கலை, அறிவியல் பாடங்கள் என்றால் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப் தகுதி. பொறியியல் என்றால் பெரும்பாலும் கேட் மதிப்பெண். 2023 ஜனவரி 1 முதல் ஜே.ஆர்.எஃப் தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகள் கழித்து எஸ்.ஆர்.எஃப் ஆகும்போது 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி.

இன்னொரு வழி அதிகம் பேசப்படாதது. உதவித்தொகையில் ஒரு பங்கை அரசும் இன்னொரு பங்கை ஒரு தொழில் நிறுவனமும் தருவது. இந்தியாவில் இதற்குப் பெரிய உதாரணம், முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கான பிரதமர் ஃபெல்லோஷிப். மத்திய அரசின் அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியமும் (செர்ப்) இந்தியத் தொழில் கூட்டமைப்பும் (சி.ஐ.ஐ) சேர்ந்து கொண்டுவந்த திட்டம். அரசு எவ்வளவு தருகிறதோ, அதே அளவு நிறுவனமும் தர வேண்டும் என்பதுதான் அடிப்படை. மாணவருக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு வழிகாட்டி இருப்பார், நிறுவனத்தில் இன்னொருவர் இருப்பார்.

ஒன்றைக் கவனியுங்கள். செர்ப் வாரியம் இப்போது தனியாக இல்லை. 2023-ல் நிறைவேறிய சட்டத்தின்படி உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் 2024-ல் அது இணைக்கப்பட்டுவிட்டது. எனவே பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்து விண்ணப்ப வேலையைத் தொடங்க வேண்டாம். தொகை, வயது, பிஎச்.டி பதிவு செய்து எத்தனை மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையெல்லாம் நீங்கள் விண்ணப்பிக்கிற ஆண்டின் அறிவிப்பில் மட்டும் பாருங்கள்.

வெளிநாடுகளுக்கு இது பழகிய விஷயம். பிரான்ஸில் 'சிஃப்ர்' என்ற திட்டம் 1981 முதல் நடக்கிறது. அங்கே நிறுவனமே ஆய்வு மாணவரை மூன்று ஆண்டுகளுக்குச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளும். அரசு அந்த நிறுவனத்துக்கு மானியம் தரும். பிரிட்டனின் 'இண்டஸ்ட்ரியல் கேஸ்' திட்டத்தில் மாணவர் குறைந்தது மூன்று மாதங்கள் நிறுவனத்தில் போய் வேலை செய்தாக வேண்டும்.

நம் பக்கத்திலேயே பார்த்தால், கோவையில் 1956-ல் தொடங்கிய சிட்ரா, அதாவது தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி சங்கம், மில்களும் மத்திய அரசும் கைகோத்து வளர்த்ததுதான். தொழிலும் அரசும் சேர்ந்து ஆராய்ச்சிக்குச் செலவு செய்வது நம் ஜவுளித் துறைக்குப் புதிதல்ல.

முதலில் கம்பெனி, பிறகுதான் விண்ணப்பம்

பலர் தடுக்கி விழும் இடம் இது. மற்ற உதவித்தொகைகளில் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். இதில் பாதிப் பணம் தரும் நிறுவனத்தை முன்னாலேயே பிடித்திருக்க வேண்டும். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் இருக்கும்போது தேட ஆரம்பித்தால் நடக்காது. நிறுவனத்தில் ஒரு கையெழுத்து வாங்கவே ஆராய்ச்சிப் பிரிவு, கணக்குப் பிரிவு, வக்கீல் என்று மூன்று மேசை தாண்ட வேண்டும்.

எங்கள் தெருப் பெண் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டாள். அவள் எடுத்த தலைப்பு, 'விசைத்தறித் தொழிலாளர்களின் செவித்திறன் இழப்பு'. ஏன் அந்தத் தலைப்பு என்று தெருவில் யாரும் கேட்கவில்லை. அவள் அப்பாவிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். டி.வி சத்தம் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். முப்பது வருடம் தறிக்கு நடுவில் நின்றவர்.

எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் உச்ச வரம்பு என்று தொழிற்சாலை விதிகள் சொல்கின்றன. நாடா ஓடுகிற பழைய தறிகள் வரிசையாக ஓடும் கூடத்தில் சத்தம் அதைத் தாண்டிவிடும். ஆனால் வீட்டோடு ஒட்டிய நாலு தறிக் கூடத்துக்கு வந்து யார் அளப்பது?

ஆறு நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். ஐந்திலிருந்து பதிலே இல்லை. தறி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்திலிருந்து மட்டும் போன் வந்தது. "நல்ல டாபிக்மா. ஆனா இதுல எங்களுக்கு என்ன?"

அன்று முழுக்க அவளுக்குக் கோபம். "காது போறது அவங்களுக்கு ஒரு விசயமாவே தெரியலக்கா" என்றாள். அவளுடைய பேராசிரியர்தான் கேள்வியைத் திருப்பிப் போட்டார். சத்தம் எங்கிருந்து வருகிறது?

நாடாத் தறியில் பெரும் சத்தம், நாடாவை அடித்து அனுப்பும் இடத்திலும் அது வந்து மோதி நிற்கும் இடத்திலும்தான் பிறக்கிறது. அந்த அடியைத் தாங்குகிற பிக்கரும் மெத்தைப் பட்டையும் எந்தப் பொருளால் ஆனவை என்பதைப் பொறுத்து அதிர்ச்சியும் மாறும், தேய்மானமும் மாறும். அதிர்ச்சி குறைந்தால் சத்தம் குறையும், பாகமும் அதிக நாள் உழைக்கும். முதலாவது அவள் அப்பாவுக்கு வேண்டியது. இரண்டாவது நிறுவனத்துக்கு வேண்டியது. ஆராய்ச்சி ஒன்றுதான்.

ஒரே ஒரு பக்கம் போதும்

புதிய தலைப்போடு அவள் அனுப்பியது ஒரு பக்கக் குறிப்பு. அதில் ஐந்து விஷயங்கள் இருந்தன. நீங்களும் இப்படியே எழுதலாம்.

1. பிரச்னை என்ன? இரண்டே வரியில், அந்தத் துறையில் இருப்பவருக்கு உடனே புரிகிற மாதிரி.

2. இப்போது என்ன செய்கிறார்கள், அது ஏன் போதவில்லை?

3. நீங்கள் எதைச் சோதிக்கப் போகிறீர்கள்? எங்கே, எத்தனை மாதத்தில்?

4. நிறுவனத்துக்கு என்ன கிடைக்கும்? 'நாட்டுக்கு நல்லது' என்று பொதுவாக எழுதாதீர்கள். தேய்மானம் குறையும், கழிவு குறையும், மின்சாரம் மிச்சம் என்று குறிப்பாக எழுதுங்கள்.

5. உங்களுக்கு என்ன வேண்டும்? பணம் எவ்வளவு, மாதிரிப் பொருள்கள், இயந்திர நேரம், வழிகாட்ட ஒருவர்.

நிறுவனத்தை எங்கே தேடுவது? முதலில் உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள். அவர் ஏற்கெனவே ஆலோசனை சொல்லும் நிறுவனம் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அடுத்து, கல்லூரியின் முன்னாள் மாணவர்கள். பிறகு தொழில் சங்கங்கள், சிட்ரா போன்ற ஆராய்ச்சி அமைப்புகள். சேலத்தில் 1960 முதல் இயங்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில், எந்தத் தொழிலில் என்ன சிக்கல் என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். பொது முகவரிக்கு அனுப்பும் மின்னஞ்சல் கிணற்றில் போட்ட கல். பெயர் தெரிந்த ஒருவருக்கு அனுப்புங்கள்.

கையெழுத்துக்கு முன் படியுங்கள்

மாணவர், கல்வி நிறுவனம், கம்பெனி என்று மூன்று தரப்பும் ஒப்பந்தம் போட வேண்டும். இதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது, தொகை நிரப்பாத செக்கில் கையெழுத்துப் போடுவதற்குச் சமம்.

எங்கள் தெருப் பெண்ணிடம் வந்த வரைவில் ஒரு வரி இருந்தது. ஆய்வில் எடுக்கும் எல்லா அளவீடுகளும் நிறுவனத்தின் சொத்து. அவர்கள் அனுமதி இல்லாமல் எதையும் வெளியிடக் கூடாது.

அதாவது, தறிக்கூடத்தில் அவள் எடுக்கப்போகும் டெசிபல் கணக்கும் அவர்களுடையது. அவள் அப்பா நின்ற இடத்தில் எவ்வளவு சத்தம் என்பதை அவளே வெளியே சொல்ல முடியாது.

"பேசாம கையெழுத்துப் போட்ரலாமானு இருக்குதுக்கா. இந்தக் கம்பெனியும் போயிருச்சுன்னா வேற ஆள் இல்ல" என்றாள். அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் பேராசிரியரிடம் காட்டச் சொன்னேன்.

அவர் நிறுவனத்தோடு உட்கார்ந்து அந்த ஒரு வரியை இரண்டாகப் பிரித்தார். புதிய பாகத்தின் வடிவமைப்பும் பொருள் கலவையும் ரகசியம். சத்த அளவீடுகளை, நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு வெளியிடலாம். நிறுவனம் ஒப்புக்கொண்டது. கேட்டதும் சரி என்றார்களாம். கேட்காமல் இருந்திருந்தால் அந்த வரி அப்படியே இருந்திருக்கும்.

நீங்கள் பார்க்க வேண்டியவை இவை:

காப்புரிமை யார் பெயரில்? கண்டுபிடிப்பாளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா?

வெளியிட எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? முதலில் கட்டுரை வெளியாகிவிட்டால் புதுமை போய் காப்புரிமை கிடைக்காமல் போகலாம். அதனால் விண்ணப்பம் போடும்வரை சில மாதம் பொறுக்கச் சொல்வது நியாயம். காலவரம்பே இல்லாமல் 'அனுமதி தரும்வரை' என்று இருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

ஆய்வேட்டில் எதை எழுதலாம்? நம் நாட்டில் பிஎச்.டி ஆய்வேட்டின் மின்பிரதி 'ஷோத்கங்கா' தளத்துக்குப் போக வேண்டும். அது உலகமே படிக்கும் இடம். ரகசியம் எது, ஆய்வேடு எது என்று முதலிலேயே கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவனம் நடுவில் விலகினால்? கம்பெனி கைமாறலாம், ஆட்குறைப்பு வரலாம். மீதி மாதங்களுக்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் இருக்கட்டும்.

படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்ற கட்டாயம் உண்டா? இருந்தால் எத்தனை ஆண்டு?

அம்மாவின் கேள்விக்குப் பதில்

'நாலு வருசம் ஆரு சம்பாதிக்கறது?' இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. யு.ஜி.சி-யின் 2022 விதிகளின்படி பிஎச்.டி-க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. அதற்குமேல் இரண்டு ஆண்டு நீட்டிப்பு உண்டு. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகையும், 240 நாள்கள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. ஆனால் உதவித்தொகை அத்தனை ஆண்டு வராது. எத்தனை மாதம் வரும் என்று தெரிந்துகொண்டு குடும்பக் கணக்குப் போடுங்கள். ஆராய்ச்சி உதவித்தொகை வங்கிக்கு வந்துசேர தாமதமாவதும் சகஜம். முதல் சில மாதங்களைச் சமாளிக்கக் கையில் கொஞ்சம் இருக்க வேண்டும்.

இன்னொன்று, இதை மட்டுமே நம்பி இருக்க வேண்டாம். கேட் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். அதை வைத்து ஐ.ஐ.டி-க்கள் உள்ளிட்ட இடங்களில் உதவித்தொகையோடு பிஎச்.டி-க்கு முயலலாம். பேராசிரியர்கள் நடத்தும் ஆய்வுத் திட்டங்களில் ஆய்வாளராகச் சேர்ந்து, அப்படியே பிஎச்.டி-க்குப் பதிவு செய்கிறவர்களும் உண்டு. நீங்கள் சேரும் பல்கலைக்கழகமே தரும் உதவித்தொகை என்ன என்றும் விசாரியுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு அரசு உதவித்தொகை வாங்க முடியாது. ஆனால் ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்று கைகொடுக்கும்.

இப்போது என்ன நிலை?

எங்கள் தெருப் பெண் விண்ணப்பம் அனுப்பிவிட்டாள். முடிவு வரவில்லை. திருப்பூர் வேலையில் சேரச் சொன்ன தேதி போய்விட்டது. மூன்று மாதம் அவகாசம் கேட்டாள், அவர்கள் தரவில்லை. அம்மாவுக்கு அதில் இன்னும் வருத்தம்தான். கேட் புத்தகங்கள் திரும்ப மேசைக்கு வந்திருக்கின்றன.

கிளம்புவதற்கு முன் தறிக்கூடத்துக்குப் போனேன். ஒரு தறியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, கடனாக வாங்கிவந்த சத்தமானியை வைத்து அளந்துகொண்டிருந்தாள். அவள் அப்பா ஆர்வமாக எட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு காட்டுது கண்ணு?"

"தொண்ணூத்தி ஏழுப்பா."

"என்னது?"

அவள் எழுந்து போய், தறியை நிறுத்திவிட்டு, மறுபடி சொன்னாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேள்வியோடு யாராவது இருக்கலாம். நெசவாக இருக்கலாம், மரவள்ளி ஆலையின் கழிவுநீராக இருக்கலாம், கோழிப்பண்ணையின் தீவனமாக இருக்கலாம். அந்தக் கேள்வியை இன்றைக்கே ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். கம்பெனியைத் தேடுவது அதற்கு அடுத்த வேலை.