பெரிய வண்டி, சின்ன விலை

தினமும் காலையில் நெரிசல் தகவல் வாசிப்பவன் நான். விடுப்பு எடுத்திருந்த ஒரு வியாழக்கிழமை, அந்தத் தகவலில் நானே இடம்பெற்றேன். "தாப்பா அருகே அவசரப் பாதையில் பழுதடைந்த வாகனம்" என்று தோழி வானொலியில் சொல்ல, அந்த வாகனத்தின் பின் இருக்கையில் அம்மா. அன்று மதியம் கோலாலம்பூரில் அவருக்குக் கண் அறுவை சிகிச்சை. சுங்கை சிப்புட்டிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பியிருந்தோம்.

ஏழு பேர் உட்காரும் ஐரோப்பிய எஸ்யூவி அது. புதிதில் மூன்று லட்சத்துக்கு மேல். பத்து வயதில் எனக்கு 68,000 வெள்ளிக்குக் கிடைத்தது. இவ்வளவு மலிவாக ஏன் தருகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். ஏர் சஸ்பென்ஷன் போய், வண்டி யானை மாதிரி உட்கார்ந்துவிட்டது. பழுது பார்க்க 9,400 வெள்ளி, பாகம் வர மூன்று வாரம். அம்மாவுக்கு அடுத்த தேதி ஆறு வாரம் கழித்துத்தான் கிடைத்தது. "நம்ம பழைய வீராவே ஓடியிருக்கும்பா" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

நட்டத்துக்கு விற்றுவிட்டு இப்போது மறுபடி தேடுகிறேன். நண்பர்கள் எல்லாரும் ஃபார்ச்சூனர் என்கிறார்கள். காரணம் இருக்கிறது: ஹைலக்ஸின் அடிச்சட்டத்தில் கட்டப்பட்ட வண்டி, எந்தச் சிற்றூர்ப் பட்டறைக்கும் பழக்கம். ஆனால் அந்தப் பெயருக்கும் சேர்த்துத்தான் விலை கேட்கிறார்கள். நான் பார்த்த ஒன்றில் மீட்டர் 90,000 கிலோமீட்டர் காட்டியது. பிரேக் பெடலின் ரப்பரோ வழுவழுவென்று தேய்ந்திருந்தது. சர்வீஸ் புத்தகம் "தொலைந்துவிட்டதாம்". வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு பஜெரோ ஸ்போர்ட், 14,000 வெள்ளி குறைவு. ஒரே உரிமையாளர், சர்வீஸ் ரசீதுகள் ஒன்றுவிடாமல் கோப்பில். அதுவும் ட்ரைட்டன் பிக்கப்பின் உறவுக்கார வண்டிதான். பாகத்துக்கு அலைய வேண்டாம். மறுவிற்பனையில் கொஞ்சம் அடிபடும், படட்டும். பத்து வருடம் ஓட்டப்போகிறவனுக்கு அது பெரிய கவலையா?

டீசல் மலிவு என்ற பழைய கணக்கை மட்டும் கிழித்துப் போட்டுவிடுங்கள். 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 ஆனது. 60 லிட்டர் நிரப்பினால் ஒரேயடியாக 72 வெள்ளி கூடுதல். மாதம் இருமுறை ஊருக்குப் போகிற எனக்கு அதையும் சேர்த்துப் பார்த்துத்தான் மனம் ஒப்பியது.

சனிக்கிழமை மெக்கானிக் அண்ணன் வந்து வண்டியைத் தூக்கிப் பார்க்கிறார். அவர் தலையசைத்தால் முன்பணம். அம்மாவின் புதிய தேதி அதற்கு முன்னால், செவ்வாய்க்கிழமை. ரயிலில் வருகிறார்.