மேசைப் போர்க்களமும் ஒற்றியூர்க் கல்வெட்டும்

பழைய போர்களைப் பொம்மைகள் கொண்டு மேசைமேல் மறுபடி நிகழ்த்திப் பார்க்கும் விளையாட்டொன்று மேலைநாடுகளில் நெடுங்காலமாக உண்டு. ஓரங்குல வீரர்களுக்கு வண்ணம் தீட்டி, அணிவகுத்து நிறுத்தி, பகடை உருட்டி ஆடுவார்கள். சிறுபிள்ளைத்தனம் என்று இதை ஒதுக்குவோர் நம்மிடையே இருக்கலாம். ஆனால் தூரிகையைக் கையிலெடுத்ததும் எழும் கேள்விகள் கடுமையானவை. இவன் ஏந்தியது வில்லா, வேலா? நூறு பேரில் குதிரையேறியவர் எத்தனை பேர்? இதை நமக்குச் சொன்னது யார்?

இடைக்கால மேற்கு ஆப்பிரிக்கப் படைகளை உருவாக்க முனைபவர் இங்கேதான் திணறுகிறார். கானா அரசன் இரண்டு லட்சம் வீரரைத் திரட்ட வல்லவன் என 11ஆம் நூற்றாண்டில் எழுதிய அல்பக்ரி அந்த மண்ணை மிதித்தவரல்லர். ஸ்பெயினில் இருந்தபடி எழுதினார். மாலிப் பேரரசின் படை ஒரு லட்சம், அதில் குதிரைப்படை பத்தாயிரம் என்று 14ஆம் நூற்றாண்டில் குறித்த அல்உமரியும் பிறரிடம் கேட்டு எழுதியவரே.

நாம் மட்டும் மேலா? சோழர் படை ஒன்பது லட்சம் என்று மேடைகளில் முழங்குகிறோம். அந்த எண் சோழர் சொன்னதன்று. அவர்களால் சூறையாடப்பட்ட சாளுக்கியரின் 1007ஆம் ஆண்டு ஹொட்டூர்க் கல்வெட்டு சொன்னது. அடிபட்டவனின் கூக்குரலையே நம் பெருமைக்குக் கணக்காக்கிக் கொண்டோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலோ தெரிந்த கைக்கோளர், வேளைக்காரர், வில்லிகள், ஆனையாட்கள், குதிரைச்சேவகர் எனப் படைப்பிரிவுகளின் பெயர்கள் நிரம்பியுள்ளன. அவற்றைப் பொறுமையாகப் படிப்போர் சிலரே.

949இல் அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் சோழர் தோற்றனர். இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான் என்று ஆனைமங்கலச் செப்பேடு புகழ்ந்துரைக்கிறது. அவனைக் கொன்றவன் கங்க மன்னன் பூதுகன் என்று கூறும் ஆதகூர்க் கல்வெட்டோ, காட்டுப் பன்றியோடு பொருது இறந்த ஒரு வேட்டை நாய்க்கு நட்ட நினைவுக்கல்.

மூன்றாவது சான்று வடசென்னையிலேயே இருக்கிறது. கண்டெய்னர் லாரிகள் ஓயாது உறுமும் எண்ணூர் நெடுஞ்சாலைக்குச் சற்று அப்பால், திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயிலில், வென்றவனான ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்து வடமொழிக் கல்வெட்டொன்று உண்டு. ராஜாதித்தனின் நண்பனாகவும் படைத்துணையாகவும் இருந்த கேரளத்து வல்லபன், போரில் தலைவனோடு சாக இயலாத துயரத்தால் கங்கையில் நீராடி, ஒற்றியூருக்கு வந்து நிரஞ்சன குருவிடம் துறவு பூண்டு, சதுரானன பண்டிதர் ஆன கதையை அது கூறுகிறது.

மேசை விளையாட்டில் வீழ்ந்த பொம்மையை எடுத்துப் பெட்டியில் வைத்துவிடலாம். வீழாமல் எஞ்சியவனின் துயரத்தை எந்த விதியும் கணக்கில் கொள்வதில்லை. ஒற்றியூர்க் கல் கொண்டிருக்கிறது. கடாரத்தை வென்ற கதையை நம் பிள்ளைகளுக்குப் போதுமான அளவு சொல்லிவிட்டோம். இனி அவர்கள் பொம்மைப் படை செய்து ஆடுவதானால், முதலில் தக்கோலத்தை ஆடட்டும் என்பதே நம் கருத்து. தோற்ற போரை ஆடுகிறவனுக்குத்தான் ஒவ்வொரு வீரனையும் எண்ணிப் பார்க்கத் தோன்றும்.