சேர்க்கையோடு முடிந்ததா நம் கடமை?

ஆண்டுதோறும் ஜூன் திங்கள் பிறந்துவிட்டால் நம் சமுதாய மேடைகள் களைகட்டி விடுகின்றன. கல்வி உதவி வழங்கும் விழா என்பார்கள். மாலையும் பொன்னாடையும் புகைப்படமும் குறைவின்றி இருக்கும். தனவந்தர் ஒருவர் முதலாண்டுக் கட்டணத்திற்கான காசோலையை நீட்டுவார். ஏழை மாணவன் தலைகுனிந்து பெற்றுக்கொள்வான். அந்த மாணவன் மூன்றாம் ஆண்டுத் தேர்வை எழுதினானா என்று பின்னர் விசாரித்தவர் உண்டா? மேடை போட்டவர்களுக்கு அவன் பெயரேனும் நினைவிருக்குமா?

கல்லூரி காண்பதில் நம் முன்னோர் பின்தங்கியவர்கள் அல்லர். 1919-ல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1951-ல் சென்னையில் புதுக் கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் தோன்றின. 1955-ல் அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரியைப் பெற்றது. அதே ஆண்டில் நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்களின் முயற்சியால் சென்னையில் பெண்களுக்கென ஒரு கல்லூரி உருவாயிற்று. 1971-ல் பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி வந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு நமக்குக் கல்வி நிலையங்கள் நடத்தும் உரிமையைத் தந்தது. 2007-ல் தமிழ்நாட்டில் 3.5 விழுக்காடு இடஒதுக்கீடும் கிடைத்தது. வாசல்கள் திறந்துதான் இருந்தன.

ஆயினும் கணக்கு என்ன சொல்கிறது? இருபது வயதைக் கடந்த முஸ்லிம்களில் பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு என்று 2006-ல் சச்சார் குழு நாட்டுக்கு அறிவித்தது. 2019-20-ல் இந்திய உயர்கல்வி நிலையங்களில் ஏறத்தாழ 21 இலட்சமாக இருந்த முஸ்லிம் மாணவர் தொகை, பெருந்தொற்று ஆண்டாகிய 2020-21-ல் 19 இலட்சத்து 21 ஆயிரமாகச் சரிந்தது. அதே ஆண்டில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோரின் தொகையோ உயர்ந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகையில் 14 விழுக்காட்டினரான நாம், கல்லூரிகளில் 4.6 விழுக்காட்டினராக நின்றோம்.

நம் பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இதனை நாம் வன்மையாக மறுக்கிறோம். மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் தாய் தன் மகனைக் கல்லூரிக்கு அனுப்புவது நாட்டமில்லாமலா? ஆம்பூரில் தோல் பதனிடும் தந்தை மகளுக்கு விண்ணப்பப் படிவம் வாங்கி வருவது நாட்டமில்லாமலா? பிள்ளை நழுவிப் போவது பிறகுதான். அரசு உதவி பெறும் பிரிவில் இடம் கிடைக்காதவன் சுயநிதிப் பிரிவில் சேர்கிறான். முதல் பருவக் கட்டணத்தை யாரோ கட்டினார்கள். இரண்டாம் பருவத்திற்கு யாருமில்லை. மாலை வேளையில் கைப்பேசிக் கடையில் நின்றவன் மெல்ல மெல்லக் காலையிலும் நிற்கத் தொடங்குகிறான். வருகைப் பதிவு குறைகிறது. தேர்வு எழுத முடியவில்லை. பாடங்கள் நிலுவையில் விழுகின்றன. கடவுச்சீட்டு எடுத்து வளைகுடாவுக்குப் புறப்பட்டு விடுகிறான். பெண் பிள்ளையின் கதை இதனினும் சுருக்கம்: இரண்டாம் ஆண்டில் நல்ல சம்பந்தம் வருகிறது; படிப்பு அன்றோடு முற்றுப் பெறுகிறது. இத்தனையும் நடக்கும்போது கல்லூரி ஜமாஅத்துக்குச் சொல்வதில்லை. ஜமாஅத்தும் கல்லூரியைக் கேட்பதில்லை.

நம் பழைய மதரஸாக்களில் இந்த நிலை இருந்ததா? 1067-ல் பக்தாதில் நிஸாமிய்யா மதரஸா திறக்கப்பட்டபோது, மாணவர்களின் உறைவிடத்திற்கும் உதவித்தொகைக்கும் வக்ஃபு வருமானம் ஒதுக்கப்பட்டிருந்தது. கெய்ரோவின் அல்அஸ்ஹரில் நாடு வாரியாக மாணவர் தங்குமிடங்கள் இருந்தன; நாள்தோறும் ரொட்டி பங்கிடப்பட்டது. நம் ஊர்களிலும் ஓதுகிற பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வீடு முறைவைத்துச் சோறிட்டார்கள். ஸனது பெறும் நாள்வரை அந்தப் பிள்ளை ஊரின் பொறுப்பு. மதரஸாவுக்கு நாம் செய்த இந்தக் காரியம் கல்லூரிக்கு மட்டும் ஏன் நினைவுக்கு வரவில்லை?

பணமில்லை என்பார்களாயின், ஸகாத் எங்கே போகிறது என்று கேட்கிறோம். ஸகாத்தைத் தகுதியுடைய ஏழைக்கு உடைமையாக்கிக் கொடுக்க வேண்டும் என்பது ஃபிக்ஹு நூல்கள் கூறும் சட்டம். கட்டடம் எழுப்ப அது பயன்படாது என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் முடிவு. ஆனால் ஏழை, மாணவனாகிவிட்டதால் ஏழை அல்லாமல் போய்விடுவானா? அவன் கையில் கொடுத்தால் ஸகாத்தும் நிறைவேறும். அவன் கட்டணமும் கட்டப்படும். ரமளானில் சேலைகளாகச் சிதறும் தொகையில் ஒரு பங்கை உலமாப் பெருமக்கள் மிம்பரில் நின்று இவ்வழிக்குத் திருப்பலாகாதா? பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுத்தறிந்தவர்களுக்கு, மதீனத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதையே மீட்புப் பொருளாக ஏற்ற நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தல்லவா நாம்?

அரசை நம்பியிருப்போம் என்பாருக்கும் ஒரு சொல். 2022-ல் ஒன்றிய அரசு, எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மைப் பிள்ளைகளின் உதவித்தொகையையும், ஆய்வு மாணவர்க்கான மௌலானா ஆஸாத் நிதியையும் ஒருசேர நிறுத்திற்று. அவ்வாண்டே தமிழ்நாட்டில் புதுமைப் பெண் திட்டமும், 2024-ல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாய் என்று தொடங்கின. ஒரு கை நிறுத்தும்; ஒரு கை கொடுக்கும். உரிமைக்காகப் போராடுவோம், வருவதை ஒன்றும் விடாமல் பெறுவோம். ஆனால் தகுதியுள்ள பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்கி, உரிய நாளில் விண்ணப்பிக்க வைப்பதற்கு முஹல்லாவில் ஓர் ஆளாவது வேண்டாமா?

ஆகவே சமுதாயக் கல்லூரிகளின் நிர்வாகிகளிடம் நாம் கேட்பது இது: சிறுபான்மை உரிமையைக் காட்டி நிலையம் நடத்தும் நீங்கள், எத்தனை பேரைச் சேர்த்தீர்கள் என்பதோடு எத்தனை பேர் பட்டத்தோடு வெளியேறினர் என்பதையும் ஆண்டறிக்கையில் அச்சிடுங்கள். ஏழைப் பிள்ளையின் கட்டணத்தைத் தவணையாக வாங்குங்கள். தொடர்ந்து வராத மாணவனின் வீட்டுக்கு ஓர் ஆசிரியரை அனுப்புங்கள். விடுதியில் பெண் பிள்ளைகளுக்கும் இடம் வையுங்கள். ஜமாஅத்துகளோ, திருமணப் பதிவேடு வைத்திருப்பதுபோலக் கல்லூரி செல்லும் பிள்ளைகளின் பதிவேடு ஒன்றை வைக்கட்டும். பருவந்தோறும் கல்லூரி முதல்வரைச் சந்திக்கட்டும். நிக்காஹ் பேச வருபவர்களிடம், பெண் தேர்வெழுதி முடிக்கட்டும் என்று சொல்லும் துணிவு முத்தவல்லிகளுக்கு வரட்டும்.

அடுத்த ஜூனில் மேடை போடுங்கள். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. முந்தைய ஆண்டுகளில் காசோலை வாங்கிய பிள்ளைகள் இன்று எந்த வகுப்பில் இருக்கிறார்கள் என்பதை அந்த மேடையில் பெயர் சொல்லாமல், எண்ணிக்கையாக முதலில் வாசியுங்கள். அதற்குப் பிறகு பொன்னாடை போர்த்திக்கொள்ளலாம்.