கல்லெறிந்தவர் திருந்திவிட்டார் – சரி, அப்புறம்?

வில்லன் திருந்துகிற கதை என்றால் நம்ம சனத்துக்கு உசிரு. சினிமாக் கொட்டகையில் கடைசி ரீலில் பண்ணையார் கண்கலங்கினால் போதும். அதுவரைக்கும் அவர் ஆளை விட்டு அடித்த அடியெல்லாம் மறந்துபோய் அவருக்காக நாமே அழுவோம். நானும் அழுதவன்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் தம்பி மகள் ஹாரி பாட்டர் புத்தகம் ஏழையும் கரைத்துக் குடித்தவள். ஒருநாள், "இதுல டிராகோ மால்ஃபாய்னு ஒரு பையன் வர்றான் பெரியப்பா. பாவம் அவன்" என்றாள். என்னம்மா பாவம் என்று கேட்டேன். கதையைச் சொன்னாள். மந்திரவாதிகளில் 'சுத்த ரத்தம்' என்று பீற்றிக்கொள்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அப்படி ஒரு குடும்பத்துப் பிள்ளை இவன். திமிரை அப்பன் ஊட்டி வளர்த்திருக்கிறான். மந்திரம் தெரியாத பெற்றோருக்குப் பிறந்தவள் ஹெர்மியோனி. படிப்பில் இவனைவிடக் கெட்டிக்காரி. இரண்டாம் புத்தகத்திலேயே அவளை ரத்தத்தைச் சொல்லி இழிவாகத் திட்டுகிறான். இதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

கடைசிப் புத்தகத்தில் அவன் மனசு கொஞ்சம் அசைகிறது. ஹாரியை அடையாளம் காட்டச் சொன்னால் தயங்குகிறான். அந்தத் தயக்கத்துக்காக உலகம் பூராவும் வாசகர்கள் அவனை மன்னித்துவிட்டார்களாம். "அன்னைக்கு ஹெர்மியோனி எங்க இருந்தா?" என்று கேட்டேன். யோசித்துச் சொன்னாள்: "அதே வீட்டுலதான் பெரியப்பா. அவனோட பெரியம்மா அவள சித்திரவதை பண்றா. அவன் பக்கத்துலதான் நிக்கிறான்." 19 வருஷம் கழித்து ரயில் நிலையத்தில் ஹாரி கூட்டத்தைப் பார்த்து லேசாகத் தலையை அசைக்கிறான். கதை முடிந்தது.

"இந்தப் பையன நமக்குப் பல நூறு வருஷமாத் தெரியும்மா" என்றேன். "நம்ம ஊர்க்காரருதான். பேரு லோகசாரங்கர்."

திருச்சிக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை. வைணவக் குருபரம்பரைக் கதைகளில் இருப்பது. உறையூரில் பிறந்த பாணர் ஒருவர். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட குலம். அரங்கத்தீவில் கால்வைக்கத் தகாதவர் என்பதால் காவிரியின் தென்கரையில் நின்று, அக்கரையில் இருக்கும் அரங்கனைப் பாடுவார். கோயில் கைங்கரியத்துக்குத் தண்ணீர் எடுக்க வருகிறார் லோகசாரங்க முனிவர். விலகிப் போ என்கிறார். பாட்டில் மூழ்கியவர் காதில் அது விழவில்லை. கல்லை எடுத்து எறிகிறார். நெற்றியில் ரத்தம். பாணர் பதறி விலகிப் போகிறார். முனிவர் கோயிலுக்குப் போனால் அரங்கன் நெற்றியிலும் ரத்தம். இரவு கனவில் பெருமாள் கட்டளையிடுகிறார்: அவரை உன் தோளில் தூக்கி வா. முனிவர் தூக்கிக்கொண்டு போகிறார். பாணர் பத்துப் பாட்டுப் பாடுகிறார். அரங்கனோடு கலந்து மறைந்துவிடுகிறார். அவர்தான் திருப்பாணாழ்வார்.

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது எங்க அப்பாயி. உறையூர்க் கரையில் துணி துவைத்துக்கொண்டே சொல்வாள். முடித்ததும் அவளே ஒரு கேள்வி கேட்பாள்: "தூக்கிட்டுப் போனாரு சரி. எறக்கி வுட்டாரா?" அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை.

அப்பாயியின் கேள்வியைக் கொஞ்சம் நீட்டிப் பார்ப்போம். கதையில் மாறுகிறவர் யார்? லோகசாரங்கர். குற்றம் செய்கிறார், அதிர்ச்சி அடைகிறார், கனவு காண்கிறார், மனம் மாறுகிறார், தோள் கொடுக்கிறார். முழு வளர்ச்சி அவருக்குத்தான். பாணருக்கு என்ன வேலை? அடிபடுவது, தூக்கப்படுவது, மறைவது. 'முனிவாகனர்' என்று அவருக்குப் பட்டம் வேறு. வேதாந்த தேசிகர் எழுதிய உரைக்கே 'முனிவாகன போகம்' என்றுதான் பெயர். முனிவரை வாகனமாகக் கொண்டவராம். அடிபட்டவனுக்குக் கொடுத்த பட்டத்தில்கூட அடித்தவர் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் பத்துப் பாட்டை, 'அமலனாதிபிரான்' என்பதை, எடுத்துப் படித்துப் பாருங்கள். திருவடியில் தொடங்கி உந்தி, மார்பு, கழுத்து, வாய், கண் என்று அரங்கனின் அழகு மேலேறிப் போகிறது. கல்லைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. தோளைப் பற்றியும் கிடையாது. கல்லும் ரத்தமும் கனவும் தோளும் பிறகு வந்த மற்றவர்கள் சொன்னவை. அடிபட்டவரின் வாக்குமூலம் நம்மிடம் இல்லை. போதாததற்கு, அவர் பாணர் வயிற்றில் பிறந்தவரே இல்லை, நெல் வயலில் கிடைத்த குழந்தை, பாணர் வீட்டில் வளர்ந்தது அவ்வளவுதான் என்றும் ஒரு கதை கட்டியிருக்கிறார்கள். தோளில் ஏற்றுவதற்கு முன்னால் பிறப்பைக் கழுவிவிட்டார்கள்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைச் சொன்னவர்கள் அர்ச்சகத் திமிரின் தலையில் குட்டத்தான் சொன்னார்கள். பன்னிரண்டு ஆழ்வாரில் ஒருவராகப் பாணரை வைத்துக் கும்பிடுகிறார்கள். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் குட்டு வாங்கியவர் பெரிய மனிதராகக் கதையிலிருந்து வெளியே வருகிறார். நம்மாள் வெளியே வரவே இல்லை.

நந்தன் கதையிலும் இதே சங்கதிதான். சேக்கிழார் சொன்ன திருநாளைப்போவார் கதையில் பண்ணையார் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரம் பாடியபோதுதான் வேதியர் என்கிற நிலக்காரர் உள்ளே வருகிறார். நாற்பது வேலி நிலத்து வெள்ளாமையை ஒரே ராத்திரியில் முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்கிறார். அதிசயம் நடக்கிறது. வேதியர் நந்தன் காலில் விழுகிறார். 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்த படம் அதை ஊரூராகக் கொண்டுபோனது. வில்லன் திருந்துகிற சுகம் அப்போதே நம் நாக்கில் ஒட்டிவிட்டது. திருந்திய வேதியருக்கு நிலம் அப்படியே இருக்கிறது. நந்தனுக்கு நெருப்பு.

அம்பேத்கர் தீண்டப்படாதார் பற்றி 1948இல் எழுதிய நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். அவருக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு. ஆனால் காந்திக்குப் பதில் எழுதும்போது ஒன்றைப் பட்டென்று உடைத்தார். ஞானிகள் மனிதனுக்கும் கடவுளுக்கும் உள்ள உறவைப் பேசினார்களே தவிர, மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவைத் தொடவில்லை. லோகசாரங்கர் கதை முழுக்க இதுதான். கடவுள் சொன்னார், செய்தார். கனவு வராத அர்ச்சகர் என்ன செய்வார்? அடுத்த நாள் தென்கரையில் இன்னொரு பாணர் வந்து நின்றால் என்ன ஆகும்? கதை வாயைத் திறக்காது.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ள முடியாது. 2018 ஏப்ரலில் ஹைதராபாத்தில் சில்கூர் பாலாஜி கோயில் அர்ச்சகர் ஒருவர் ஒரு தலித் பக்தரைத் தோளில் சுமந்து அரங்கநாதர் கோயிலுக்குள் கொண்டுபோனார். இதே முனிவாகனக் கதையைத்தான் திரும்ப நடத்திக் காட்டினார். படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அவர் நல்ல மனசோடுதான் செய்திருப்பார். எனக்கு அப்பாயி ஞாபகம்தான் வந்தது. இறக்கி விட்ட பிறகு என்ன? நம்மாளுக்குத் தோள் வேண்டாம். அவனுக்கும் கால் இருக்கிறது, நடந்து போவான். கருவறையில் நின்று பூசை செய்யும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அந்த உரிமைக்கு இங்கே நடந்த பாட்டைப் பாருங்கள். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்துத் தமிழ்நாட்டில் 1970இல் சட்டம் வந்தது. 1972இல் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றது, ஆனால் ஆகமத்தைக் காட்டி முட்டுக்கட்டையும் போட்டது. 2006இல் மறுபடி அரசாணை. அதையொட்டித் தொடங்கிய ஆறு பயிற்சிப் பள்ளிகளில் ஒன்று இதே ஸ்ரீரங்கத்தில். படித்து முடித்த பிள்ளைகள் பத்து வருஷத்துக்கு மேல் காத்துக் கிடந்தார்கள். 2021 ஆகஸ்டில் பணி ஆணை கொடுத்தார்கள். திருச்சி குமாரவயலூர் முருகன் கோயிலுக்கு நியமித்த, அர்ச்சகர் மரபில் பிறக்காத இருவரின் நியமனத்தை 2023இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் தனி நீதிபதி ரத்து செய்தார். தோளில் ஏற்ற ஒரு கனவு போதுமாக இருந்தது. கருவறையில் சேர்ந்து நிற்க மட்டும் ஐம்பது வருஷ வழக்கு.

அப்படியென்றால் சாதி இந்து ஒருவர் மாறவே முடியாதா? முடியும். அதற்கும் ஸ்ரீரங்கத்திலேயே ஆள் இருக்கிறார், பெரிய நம்பி. ராமானுசரின் ஆசாரியர். ஆளவந்தாரின் சீடரான மாறனேரி நம்பி தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். அவர் இறந்தபோது பெரிய நம்பி தன் கையால் ஈமச்சடங்கு செய்தார் என்கிறது குருபரம்பரை. ஊர்ப் பார்ப்பனர்கள் அவரைச் சாதிப் பிரஷ்டம் செய்தார்கள். கனவில் யாரும் வந்து அவருக்குக் கட்டளை போடவில்லை. அதிசயம் நடக்கவில்லை. கெட்ட பேர்தான் கிடைத்தது. இந்தக் கதையிலும் எனக்கு உறுத்தல்கள் உண்டு. மாறனேரி நம்பியின் சொந்த சனம் இதில் எங்கே என்று கேட்கலாம். ஆனால் ஒன்று தெளிவு. லோகசாரங்கர் எதையும் இழக்காமல் திருந்தினார். பெரிய நம்பி இழந்தார். முனிவாகனக் கதைக்கு இருக்கிற கொண்டாட்டம் பெரிய நம்பி கதைக்கு இல்லை. ஏன் என்று சொல்லவா வேண்டும்?

இப்போது என் சொந்தச் சங்கதி. லால்குடிப் பக்கம் எங்க அம்மா ஊர். தாத்தா அங்கே பண்ணையாள். எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஒன்பது. கோடை வெயிலில் பம்புசெட் தொட்டியில் இறங்கிவிட்டோம். மிராசு வீட்டுப் பையன், என் வயதுதான், வரப்பில் கிடந்த கல்லை எடுத்து எறிந்தான். தம்பிக்குக் காதோரம் கிழிந்தது. தாத்தா ஓடிவந்து எங்களைத்தான் அடித்தார், அந்தப் பையன் கண் முன்னாலேயே.

அந்தப் பையனுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, நிறைய வாசித்திருக்கிறார். நம் எழுத்துகளையும் வாசித்திருக்கிறார். யாரிடமோ நம்பர் வாங்கிப் பேசினார். முதல் வார்த்தை "டேய்" என்று வந்து, பாதியில் மாறி "சார்" ஆனது. "ரொம்ப வருஷமா உறுத்திக்கிட்டே இருக்கு சார். திருச்சியில நீங்க நடத்துற கூட்டத்துல நான் பேசணும். நான் எப்படி மாறினேன்னு எல்லாரும் தெரிஞ்சுக்கணும்" என்றார். குரல் தழுதழுத்தது. பொய்யில்லை. எனக்கும் தொண்டை அடைத்தது.

தம்பியிடம் சொன்னேன். மாநகராட்சியில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். அதிகம் பேச மாட்டான். காதோரத் தழும்பைத் தடவிக்கொண்டே, "வரட்டும்ணே. நல்ல மனுசன்தான் போல. ஒண்ணே ஒண்ணு கேளு. அந்தத் தொட்டியில இன்னைக்கு நம்ம தெருப் புள்ளைங்க எறங்கலாமா?" என்றான்.

தொட்டி என்றால் எங்களுக்குச் சும்மா இல்லை. 2022 டிசம்பரில் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்ததை மறந்துவிட்டுப் பேச முடியாது.

கேட்டேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நிலம் பையன் பேரில் இருக்கிறது, ஊரில் இப்போ பழையபடி இல்லை என்று ஏதேதோ சொன்னார். அப்புறம் நானே இன்னொன்று கேட்டேன். எங்க அம்மா ஊர்த் திருவிழாவுக்குத் தெருத் தெருவாகக் கோயில் வரி வாங்குவார்கள். எங்க தெருவில் மட்டும் வாங்க மாட்டார்கள். காசு மிச்சம் என்று நினைக்காதீர்கள். வரி வாங்கினால் பங்காளி ஆகிவிடுவோம். மண்டகப்படி கேட்போம், தேர் நம் தெருவுக்கு வரணும் என்போம். அவர் அந்த விழாக் கமிட்டியில் இருக்கிறவர். "கமிட்டிக் கூட்டத்துல எந்திரிச்சு, அந்தத் தெருவுலயும் வரி வாங்கணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுக்கப்புறம் எங்க மேடைக்கு வாங்க" என்றேன்.

"பிரச்சனை ஆகும் சார்" என்றார்.

ஆகும்தான். பெரிய நம்பிக்கும் ஆச்சு.

நான் அவரை விரட்டவில்லை. வீட்டுக்கு வாங்க, சாப்பிடுங்க, தம்பி கையைப் பிடித்து மன்னிப்புக் கேளுங்க, அது உங்க ரெண்டு பேர் பாடு என்று சொல்லியிருக்கிறேன். மைக்கை மட்டும் இப்போது தர மாட்டேன். மேடையில் அவர் அழுதால் நம்ம சனம் கைதட்டிவிடும். எனக்குத் தெரியும், நானும் தட்டுவேன். தட்டிவிட்டால் கணக்கு முடிந்தது என்று ஆகிவிடும். கல்லடி பட்டவன் மறுபடி ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான்.

தம்பி மகளிடமும் இதைத்தான் சொன்னேன். வில்லன் திருந்துவது நல்லதுதான் கண்ணு, வேண்டாம்னு யார் சொன்னது? ஆனா அவன் முகத்தைப் பார்த்து மார்க் போடாதே. அவன் எறிந்த கல் யார்மேல் பட்டதோ அந்தப் பக்கம் போய் நின்று பார். அங்கே ஏதாவது மாறியிருக்கா? மாறியிருந்தால் திருந்திவிட்டான்.

சித்திரையில் கமிட்டிக் கூட்டம். அவர் வாயைத் திறக்கிறாரா பார்ப்போம். திறந்தார் என்றால் அடுத்த கூட்டத்தில் முதல் பேச்சு அவருடையது. தலைமை என் தம்பி.