பாட்டிலுக்குப் பத்து ரூபாய்

நீலகிரி டாஸ்மாக் கடைகளில் 2022 மே மாதம் ஒரு திட்டம் வந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்கும். காட்டில் உடைந்து கிடக்கும் கண்ணாடி யானைகளின் காலைக் கிழிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதால் வந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் பாட்டிலைக் காலி செய்த ஆளைத் திரும்ப வாங்க எந்தக் கவுன்ட்டரும் இல்லை.

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருபது வருடம் தினமும் குடித்த ஒருவனை, அடிதடி வழக்கில் கிளைச் சிறைக்கு அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று குடி நின்றுபோகிறது. முதல் நாள் கை நடுங்கும், வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சுவரெல்லாம் பூச்சி ஊருது என்று கத்துவான், இல்லாத ஆளோடு சண்டை போடுவான், பக்கத்தில் படுத்திருப்பவனை அடிப்பான். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்பார்கள். கவனிக்காவிட்டால் உயிர் போகும். மருந்து ஒன்றும் அரிதானதில்லை: குளோர்டயஸெபாக்சைடு, தயமின் ஊசி. விஷயம் தெரியாத காவலர் கண்ணுக்கு அது நடிப்பு, இல்லாவிட்டால் திமிர். அதற்கு மருந்து லத்தி.

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், குடியாலும் போதைப் பொருளாலும் வரும் மனநிலைகளையும் மனநோய் என்றே வரையறுக்கிறது. அதே சட்டத்தின் 103-ஆம் பிரிவு, சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை அனுப்ப வேண்டும் என்கிறது. என்ன அறிக்கை? ‘இந்தச் சிறையில் மனநோயாளிகள் யாரும் இல்லை’ என்ற சான்றிதழ்! இருப்பவர்களைச் சிகிச்சைக்கு மாற்றிவிட்டுக் கையெழுத்துப் போடு என்பதுதான் நோக்கம், புரிகிறது. நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். ‘இல்லை’ என்ற ஒரே ஆப்ஷனோடு படிவம் கொடுத்தால் என்ன டேட்டா வரும் என்று எனக்குத் தெரியும்.

‘குடிச்சிட்டு அடிச்சவனுக்கு வைத்தியம் ஒரு கேடா?’ என்பார்கள். 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அடித்தானா என்றே இன்னும் தீர்ப்பாகவில்லை. தீர்ப்பானாலும் தண்டனை சிறைதான், வலிப்பு இல்லை. தவிர, 2003-லிருந்து தமிழ்நாட்டில் மதுவைச் சில்லறையில் விற்பது அரசு. விற்றவரே பிடித்தும் போட்டால், பாதி பில் அவருடையதுதானே?

புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். உள்ளே வருபவனிடம் முதல் நாளே கேளுங்கள்: தினமும் எவ்வளவு குடிப்பாய், கடைசியாக எப்போது குடித்தாய்? முதல் ஐந்து நாள் தினமும் ஒருவர் அவன் கையைப் பார்க்கட்டும். நடுங்கினால் ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, வண்டியில் ஏற்றுங்கள். எத்தனை பேரை ஏற்றினீர்கள் என்பதையும் அந்த மூன்று மாத அறிக்கையில் எழுதுங்கள்.